வேலை உண்டு, விலாசம் இல்லை

லேப்டாப்போடு ஊர் ஊராகப் போய் வாழும் ஒரு தலைமுறை இமயமலை அடிவாரக் கிராமங்களில் தங்க ஆரம்பித்திருக்கிறது. ஆனால் அந்தக் கிராமங்களுக்கு நாடோடிகள் புதியவர்கள் அல்ல.

பீர் கிராமத்துக் காபிக் கடைகளில் ஒரு விசித்திரம் உண்டு. தௌலாதர் மலைத்தொடரைப் பார்த்தாற்போல் போடப்பட்ட ஜன்னலோர மேஜைகள் காலை பத்து மணிக்குக் காலியாக இருக்கும். சுவரோர மேஜைகளில் இடமே கிடைக்காது. ஜன்னலருகே உட்கார்ந்தால் வெளிச்சம் திரையில் அடிக்கும். தவிர, பிளக் பாயின்ட் சுவரில்தான் இருக்கிறது. பனி மூடிய சிகரங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர், காதில் ஹெட்போனுடன், பெங்களூரிலோ லண்டனிலோ இருக்கும் மேலதிகாரிக்குத் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள்.

இவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்ல; குடியேறியவர்களும் அல்ல. ஊர் ஊராக நகர்ந்துகொண்டே முழு நேர வேலை பார்ப்பவர்கள். இமாசலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் பீர், அவர்களுடைய வரைபடத்தில் முக்கியமான புள்ளி. ஊரிலிருந்து 14 கி.மீ. மேலே, 2,400 மீட்டர் உயரத்தில் பில்லிங். அங்கிருந்து பாராகிளைடரில் குதிப்பவர்கள் கீழே பீரின் வயல்வெளியை ஒட்டி வந்து இறங்குகிறார்கள். 2015இல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி இங்கு நடந்த பிறகு ஊரின் பெயர் வெளியே பரவியது. பறக்க வந்தவர்கள் ஒரு வாரத்தில் போய்விட்டார்கள். வேலையைக் கையோடு கொண்டுவந்தவர்கள் மாதக்கணக்கில் தங்குகிறார்கள்.

இந்த வாழ்க்கை முறையின் முன்னோடி என்று பலரும் சொல்வது ஸ்டீவ் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கரை. 1983இல் அவர் தன் வீட்டை விட்டு, சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிள் ஒன்றில் சிறிய கம்ப்யூட்டரை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வழியில் கட்டுரைகள் எழுதித் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்பிப் பிழைத்தார். 1997இல் ஜப்பானியரான சுகியோ மாகிமோட்டோவும் டேவிட் மானர்ஸும் எழுதிய புத்தகம் 'டிஜிட்டல் நோமாட்' என்ற பெயரையே தலைப்பாகக் கொண்டது. இந்தியாவில் அது வெகுகாலம் வெளிநாட்டுக்காரர்களின் ஆடம்பரமாகவே இருந்தது. அதற்கு ஒரு காரணம் சட்டம். கால் சென்டர், பி.பி.ஓ. போன்ற நிறுவனங்கள் ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்ய வைக்க வேண்டுமானால் தொலைத்தொடர்புத் துறையின் பதிவு, வங்கி உத்தரவாதம் என்று ஏகப்பட்ட நிபந்தனைகள் இருந்தன. 2020 மார்ச்சில் வந்த ஊரடங்கு அலுவலகங்களைக் காலி செய்தது. அந்த ஆண்டு நவம்பரில் அரசு அந்த நிபந்தனைகளைத் தளர்த்தியது. வீட்டிலிருந்து செய்யலாம் என்று ஆன பிறகு, எந்த வீடு என்று யார் கேட்கப்போகிறார்கள்?

நான் பீரில் சந்தித்த ஒரு பெண்ணுக்கு வயது 31. பெற்றோர் இருப்பது கோயம்புத்தூரில், கம்பெனி இருப்பது பெங்களூரில். மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது வேலை. 2021இலிருந்து அவருக்கென்று நிரந்தரமான அறை எங்கும் இல்லை. சொத்து இரண்டு பைகளில் அடங்கிவிடுகிறது. "வாடகை எவ்வளவுன்னு நான் முதல்ல கேட்க மாட்டேன் சார். நெட் ஸ்பீட் என்ன, இன்வெர்ட்டர் இருக்கா, இந்த ரெண்டுதான் முதல் கேள்வி" என்கிறார். இரண்டு கம்பெனிகளின் சிம் கார்டு வைத்திருக்கிறார். மலையில் இடி இடித்தால் மின்சாரம் போகும். மின்சாரம் போனால் சற்று நேரத்தில் செல்போன் கோபுரமும் படுத்துவிடும். முக்கியமான மீட்டிங் இருக்கும் நாளில் காலையிலேயே வானத்தைப் பார்க்கப் பழகிவிட்டார். விவசாயி பார்ப்பதைப் போல.

அவருடைய ஆண்டுக்கணக்கு எளிமையானது. ஏப்ரலிலிருந்து இமாசலம், மழைக்கு முன் கீழே இறங்கிவிட வேண்டும், அக்டோபரில் மீண்டும் மலை, குளிர் முற்றினால் கோவா அல்லது வர்க்கலா. கோடையில் மேலே, குளிரில் கீழே. பீர் கிராமத்தில் இந்தக் கணக்கைக் கேட்டால் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள். பல தலைமுறைகளாக அவர்களுக்குத் தெரிந்த கணக்கு இது.

காங்ராவிலும் சம்பாவிலும் வாழும் கத்தி இன மேய்ப்பர்கள் கோடையில் செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் ஓட்டிக்கொண்டு கணவாய்களைத் தாண்டி லாஹௌல் வரை போகிறார்கள். குளிர்காலத்தில் காங்ராவின் தாழ்வான காடுகளுக்கு இறங்குகிறார்கள். 'சோலா' என்கிற கம்பளி அங்கியும், அதை இடுப்பில் இறுக்கிக் கட்டும் 'டோரா' என்கிற நீண்ட கம்பளிக் கயிறும் அவர்கள் அடையாளம். பில்லிங்குக்கு அப்பால், தம்சர் கணவாயைக் கடந்து பல நாள் நடந்தால் பாரா பங்கால் என்ற கத்தி கிராமம் வரும். சாலை போகாத ஊர் அது. பனி விழுந்து கணவாய் மூடுவதற்குள் அந்த ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் பீருக்கு இறங்கிவந்து குளிர்காலத்தைக் கழிக்கிறார்கள். ஆகவே இரண்டு ஊரில் வாழ்வது என்பது இங்கே இன்டர்நெட் கொண்டுவந்த புதுமை அல்ல.

பீரில் வேறு வகை நாடோடிகளும் உண்டு. 1960களில் திபெத்திய அகதிகள் இங்கு வந்து குடியமர்ந்தார்கள். இன்று பீரைப் பார்க்க வருபவர்கள் படமெடுக்கும் மடாலயங்களும், காற்றில் படபடக்கும் வண்ணக் கொடிகளும் அவர்கள் கொண்டுவந்தவை. கத்திக்குத் திரும்பிப் போக ஊர் இருக்கிறது. திபெத்தியருக்குத் திரும்ப வழியில்லை. லேப்டாப்காரருக்குத் திரும்ப வேண்டிய அவசியமில்லை. மூன்று பேரும் ஒரே கடையில் பால் வாங்குகிறார்கள்.

ஆனால் கத்தி மேய்ப்பருக்கும் புதிய நாடோடிக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. மேய்ப்பர் போகும் வழி அவர் இஷ்டம் அல்ல. எத்தனை ஆடு, எந்த மேய்ச்சல் நிலம் என்று வனத்துறை அனுமதிச் சீட்டு கொடுக்கிறது. அதைவிடப் பழைய ஏற்பாடு ஒன்றும் உண்டு. நெல் அறுவடை முடிந்த வயல்களில் ஆடுகளை இரவில் அடைத்து வைக்கச் சொல்லி நிலக்காரர்கள் கேட்பார்கள். மந்தை ஓர் இரவு கிடந்தால் வயலுக்கு எரு. அதற்குப் பதிலாக மேய்ப்பருக்குத் தானியமோ பணமோ சாப்பாடோ கிடைக்கும். கோயம்புத்தூர்ப் பெண் இதைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். அவருடைய தாத்தாவின் ஊர் சிவகங்கைப் பக்கம். "இது கிடை போடறதுதானே! எங்க தாத்தா வயல்லயும் கீதாரிங்க வந்து போடுவாங்க" என்றார். ராமநாதபுரத்துக் கீதாரியும் காங்ராவின் கத்தியும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே ஒப்பந்தத்தில் வாழ்கிறார்கள். தங்கிய இடத்துக்கு எதையாவது கொடுத்துவிட்டுத்தான் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும்.

புதியவர்கள் கொடுப்பது என்ன? பணம். அதைக் குறைவாக மதிப்பிடக் கூடாது. பீரில் அறை வாடகைக்கு விடும் அம்மா ஒருவரின் கணவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பெண்ணின் கல்லூரிச் செலவு இரண்டு அறைகளின் வாடகையில் நடக்கிறது. பறக்கும் சீசனில் மட்டும் வருமானம் பார்த்த ஊரில் இப்போது மற்ற மாதங்களிலும் அடுப்பு எரிகிறது. டாக்சி ஓட்டும் பையன்கள், ஃபைபர் இணைப்பு கொடுப்பவர், ரொட்டி சுடுபவர் என்று பலருக்கும் பிழைப்பு. வெளியூர்க்காரர்கள் நிலத்தை வாங்கிக் குவித்துவிடவும் முடியாது. இமாசலத்தின் 1972ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 118ஆவது பிரிவு, அம்மாநில விவசாயியாக இல்லாதவர் அரசு அனுமதியின்றி நிலம் வாங்குவதைத் தடுக்கிறது. வீட்டுக்காரர் வீட்டுக்காரராகவே இருக்கிறார்.

ஆனாலும் உரசல் இருக்கிறது. முன்பு ஆண்டு வாடகைக்குக் கிடைத்த அறை இப்போது நாள் வாடகைக்குத்தான் கிடைக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வரும் ஆசிரியருக்கு வீடு கிடைப்பது கஷ்டம். கோடையில் குழாயில் தண்ணீர் குறையும்போது, மாடிக்கு மாடி வைத்த கறுப்புத் தொட்டிகளில் யார் தொட்டி நிரம்புகிறது என்பது தெருவின் பேச்சாகிறது. பிளாஸ்டிக் குப்பை ஓடையில் சேர்கிறது.

பணத்தைவிடப் பெரிய கேள்வி, கெட்ட காலத்தில் வருகிறது. காங்ராவுக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் தேயிலை பயிரிட்டார்கள். 1905 ஏப்ரல் 4 அதிகாலையில் பூகம்பம் வந்தது. சுமார் 20,000 பேர் இறந்தார்கள். தோட்டங்களும் தொழிற்சாலைகளும் இடிந்தன. ஐரோப்பியத் தோட்டக்காரர்களில் பெரும்பாலோர் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். போக இடமில்லாதவர்கள் இடிந்த சுவர்களை மறுபடி எழுப்பினார்கள். பீரில் இன்றும் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன.

2023 ஜூலையில் இமாசலத்தில் பெய்த பேய்மழையில் குலு, மண்டி மாவட்டங்களில் பியாஸ் நதி சாலைகளை அடித்துச் சென்றது. மணாலியில் மின்சாரமும் தொலைபேசியும் நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டன. ஆகஸ்டில் மீண்டும் மழை. அந்த மழைக்காலத்தில் மாநிலம் முழுவதும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். பீர் பெரிய சேதத்திலிருந்து தப்பித்தது. ஆனால் அறைகள் காலியாயின. ஆண்டுதோறும் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பாராகிளைடிங்குக்குத் தடை; பறப்பவர்கள் இல்லாதது வழக்கம்தான். அந்த வருடம் மாத வாடகைக்காரர்களும் சேர்ந்து போனார்கள். "அவங்க போனது தப்புன்னு சொல்ல மாட்டேன். கரண்ட் இல்லன்னா அவங்களுக்கு வேலை இல்லையே" என்றார் வீட்டுக்கார அம்மா, இந்தியில். "ஆனா எனக்கு ரெண்டு மாடு இருக்கு. நான் எங்க போறது?"

போவதற்கான சுதந்திரம்தான் இந்த வாழ்க்கையின் முழு கவர்ச்சியும். அதற்கு ஒரு விலை உண்டு. அதைக் கோயம்புத்தூர்ப் பெண்ணே சொன்னார். ஆதார் அட்டையில் இருப்பது பெற்றோர் வீட்டு விலாசம். வங்கியிலிருந்து தபால் வந்தால் அம்மா பிரித்துப் படம் எடுத்து அனுப்புகிறார். 2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு ஓட்டுப் போட்டபோது அவர் பீரில் இருந்தார். ஜூன் 1 அன்று இமாசலம் ஓட்டுப் போட்டபோதும் பீரில்தான் இருந்தார். இரண்டு நாளும் அவர் விரலில் மை இல்லை. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் சாதாரணமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் வாக்காளர். இவர் சாதாரணமாக எங்கும் வசிப்பதில்லை. வேலை தேடி ஊர் விட்டு ஊர் போகும் கட்டடத் தொழிலாளிக்கும் இதே நிலைமைதான். அப்படிப்பட்டவர்களுக்காகத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரம் ஒன்றைக் கட்சிகளுக்குக் காட்டியது. கட்சிகள் ஒப்புக்கொள்ளவில்லை.

ஓட்டு இல்லாதவர் பஞ்சாயத்துக்குக் கண்ணில் படமாட்டார். தண்ணீர்த் தொட்டி, குப்பை வண்டி, கழிவுநீர் என்று திட்டம் போடும்போது கணக்கில் வருவது ஊர்க்காரர்கள் மட்டும், பயன்படுத்துபவர்களோ எல்லோரும். வந்தவர் கேள்வி கேட்க முடியாது, ஊரும் அவரைப் பொறுப்பாக்க முடியாது.

சில இடங்களில் இதை வேறு விதமாக அணுகத் தொடங்கியிருக்கிறார்கள். சிக்கிமின் பாக்யோங் மாவட்டத்தில் யாக்தென் என்ற கிராமத்தை 2025 ஜூலையில் டிஜிட்டல் நாடோடிகளுக்கான கிராமமாக மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. சுற்றுலாப் பயணிகள் வராத மாதங்களில் வீட்டு அறைகளை வாடகைக்கு விடும் குடும்பங்களுக்கு நிலையான வருமானம் வேண்டும் என்பதே நோக்கம். இங்கே யோசனை, இருப்பவரின் தேவையிலிருந்து ஆரம்பிக்கிறது. பீரில் வந்தவரின் வசதியிலிருந்து ஆரம்பித்தது. இருப்பவர்கள் பின்னால் ஓடி ஈடுகொடுக்கிறார்கள்.

பீரிலும் சின்ன மாற்றங்கள் தெரிகின்றன. கோயம்புத்தூர்ப் பெண் இந்த முறை வீட்டுக்கார அம்மாவிடம் மழைக்காலத்துக்கும் சேர்த்து ஓராண்டு வாடகை பேசியிருக்கிறார். மழையில் தங்குவாரா என்பது அவருக்கே நிச்சயமில்லை. அறையின் வாடகை மட்டும் நிற்காது. அந்த அம்மாவின் பெண்ணுக்குச் சனிக்கிழமைகளில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறார். அவர்கள் வீட்டு அறைகளை அரசிடம் பதிவு செய்யும் மனுவை நிரப்பிக் கொடுத்ததும் அவர்தான்.

அக்டோபர் கடைசியில் மந்தைகள் இறங்கிவரும். வயலின் சொந்தக்காரர் மேய்ப்பரிடம் முதலில் கேட்பது விலையை அல்ல. எத்தனை இரவு தங்குவீர்கள் என்பதைத்தான். இரவுகள் கூடினால் எரு கூடும். அறை தேடி வருபவரிடம் அந்த அம்மா கேட்பதும் அதேதான்: எத்தனை நாள்? பெரும்பாலோர் சொல்லும் பதில், "பார்க்கலாம்."