தனித்தேர்வர்

பள்ளியில் அமர்ந்து, ஆசிரியர் சொல்லக் கேட்டு, உடன் பயில்வோருடன் கூடிப் படிக்கும் பேறு உங்களுக்கு வாய்த்திருக்கிறது. அப்பேறு வாய்க்காதோரும் நம் நாட்டில் பலர் உளர். இளமையில் பள்ளியை விட்டு நீங்கி, ஆண்டுகள் பல கழிந்தபின், பகலெல்லாம் உழைத்து இரவில் படித்துப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுவோரை அரசுத் தேர்வுகள் இயக்ககம் 'தனித்தேர்வர்' என்று குறிக்கிறது. எங்கள் படூரில் அத்தகைய அம்மையார் ஒருவருக்குச் சமூக அறிவியல் கற்பிக்கும் வாய்ப்பு, பணி ஓய்வு பெற்ற எனக்குக் கிட்டியது.

படூர், பழைய மாமல்லபுரம் சாலையில் கேளம்பாக்கத்துக்குச் சற்று வடக்கே உள்ளது. வயலும் ஏரியுமாகக் கிடந்த அச்சாலையோரத்தில் இன்று கணிப்பொறி நிறுவனங்களின் மாளிகைகள் ஓங்கி நிற்கின்றன. அவற்றுள் ஒன்றில் துப்புரவுப் பணி செய்பவர் அவர். வயது நாற்பதை நெருங்குகிறது. பத்தாம் வகுப்பில் தேறினால் அங்கேயே ஊதியம் மிகுந்த உதவியாளர் வேலை கிடைக்கும். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல் ஆகிய நான்கிலும் தேறிவிட்டார். சமூக அறிவியல் மட்டும் இருமுறை கைவிட்டது. வேண்டுவன 35 மதிப்பெண்கள்; பெற்றவை முதலில் 29, பின்னர் 31.

கணக்கில் தேறியவர் கதை போன்ற பாடத்திலா தவறுவார் என்று சிலர் வியந்தனர். எனக்கு வியப்பில்லை. வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என்னும் நான்கையும் ஒன்றாகக் கட்டிய பாடம் அது. அவரோ வினாவிடைக் கையேடு ஒன்றை வாங்கி, அட்டை முதல் அட்டை வரை உருப்போட்டிருந்தார். ஒரு சொல் மறந்தால் விடை முழுதும் அறுந்துபோகும். நூற்பாக்களை மனப்பாடம் செய்து வளர்ந்தவன் நான். மனப்பாடத்தைப் பழிப்பவன் அல்லன். ஆயினும், பொருளறியாது நெட்டுருச் செய்தது தேர்வுக் கூடத்து மணியோசையிலேயே கலைந்துவிடும்.

"உப்புச் சத்தியாகிரகம் மட்டும் மனத்தில் நிற்கவே இல்லை, ஐயா" என்றார் ஒருநாள்.

"உங்கள் தாயார் என்ன வேலை செய்தார், அம்மா?" என்று கேட்டேன்.

கேளம்பாக்கம் உப்பளத்தில் கூலி வேலை என்றார். பிறகு நான் மாணாக்கனானேன். உவர்நீரைப் பாத்தியில் தேக்குவதும், வெயில் ஏற ஏற நீர் சுண்டி உப்புப் படிவதும், அதைப் பலகையால் வாரிக் கூடையில் சுமந்து வரப்பில் குவிப்பதும், உப்பு நீரில் நின்று நின்று தாயாரின் உள்ளங்கால் வெடித்ததும் ஆகிய யாவற்றையும் எனக்கு விளங்கச் சொன்னார். கையேட்டின் ஒரு வரியும் நில்லாத அந்நினைவில் இத்துணையும் நின்றன!

அவர் சொல்லி முடித்தபின், ஆங்கிலேயர் ஆட்சியில் உப்புக்கு வரி இருந்ததையும், அரசின் இசைவின்றிக் கடலோரத்தில் உப்பெடுப்பதே குற்றமாக இருந்ததையும் கூறினேன். சிறிது நேரம் பேசாதிருந்தார்.

"கடல் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லையா, ஐயா?"

"கேட்டார்கள், அம்மா. அதுதான் இந்தப் பாடம்."

1930 மார்ச்சு 12ஆம் நாள் காந்தியடிகள் சபர்மதியிலிருந்து புறப்பட்டு, ஏப்ரல் 6ஆம் நாள் தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்தார். இராசாசி ஏப்ரல் 13ஆம் நாள் தொண்டர்களுடன் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து, 28ஆம் நாள் வேதாரணியம் சேர்ந்தார். இவற்றை அவர் பின்னர் மறக்கவில்லை. தமிழ்நாட்டு வரைபடத்தில் கடற்கரை மூக்குப்போல் நீண்டு திரும்புமிடத்தில் வேதாரணியத்தை இன்று கண்ணை மூடிக்கொண்டு குறிப்பார்.

வரைபடத்தில் வேறொரு தொல்லையும் இருந்தது. என்னிடம் இருந்த பழைய படத்தில் படூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் கிடந்தது. செங்கற்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பரில்! பழம்படத்தை மடித்து வைத்துவிட்டுப் புதியதொன்றை வாங்கினேன்.

உத்திரமேரூர்க் குடவோலை முறை அவருக்கு மிகவும் பிடித்தது. பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்கின்றன. "நல்ல விதி" என்று சிரித்தவர், "பெண்கள் உண்டா?" என்றார். இல்லை என்றேன். 1992இல் நிறைவேறிய 73ஆம் அரசமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம் தந்ததையும், 2016இல் தமிழ்நாடு அதனைப் பாதியாக உயர்த்தியதையும் சேர்த்துப் படித்தோம். 2021 அக்டோபரில் ஊராட்சித் தேர்தலுக்கு வாக்களித்தவருக்கு அது நேற்றைய செய்தி போன்றது. பொருளியல் எங்கள் இருவருக்கும் இனிக்கவில்லை. அதைச் சொல்லி உங்களை வருத்தேன்.

தேர்வுக்குப் பதினெட்டு நாள்கள் இருந்தபோது முதல் உலகப்போரை எடுத்தோம். ஐரோப்பியப் பெயர்கள் அவர் நாவில் புகவில்லை. "எம்டன் என்ற சொல்லைக் கேட்டதுண்டா?" என்றேன்.

"என் மாமியார் என் கணவரைத் திட்டும் சொல்லாயிற்றே!"

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அஞ்சிய மக்கள் பலர் நகரை விட்டு நீங்கினர். அக்கப்பலின் பெயரே, எளிதில் பிடிபடாத சூழ்ச்சிக்காரரைக் குறிக்கும் சொல்லாகத் தமிழர் பேச்சில் தங்கிவிட்டது. இதனைக் கேட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். அன்றிரவே மாமியாரிடம் முதல் உலகப்போரை விளக்கியதாக மறுநாள் வந்து சொன்னார்.

"ஆண்டு கேட்டார்களா, அம்மா?" என்றேன்.

"கேட்கவில்லை, ஐயா. நானே சொன்னேன்" என்றார்.