"எவை?" என்றொரு கேள்வி



மும்பை தாராவியில் வளர்ந்த எனக்குத் தமிழ் பேச்சுமொழியாக மட்டுமே இருந்தது. பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும் கற்றேன். தமிழ் எழுத்துகளை ஞாயிறு பள்ளியில் எழுத்துக்கூட்டிப் பழகியதோடு சரி. ஆகவே 2006ஆம் ஆண்டு எங்கள் பகுதியில் சனிக்கிழமை தோறும் தமிழ் எழுத்துப் பயிற்சி வகுப்பு தொடங்கியபோது, ஊருக்குப் பிழையின்றிக் கடிதம் எழுதக் கற்றால் போதும் என்றே சேர்ந்தேன். அப்பொழுது எனக்கு வயது 17.

முதல் வாரம் ஆசிரியை கொடுத்த தலைப்பு, "மறக்க இயலாத நாள்". மும்பைவாசிகளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 2005 ஜூலை 26 அன்று தொடங்கிய பெருமழையில், சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பதிவாயிற்று. மித்தி ஆறு கரைபுரண்டது. ரயில்கள் நின்றன. வேலைக்குச் சென்றோர் இரவெல்லாம் தண்ணீரில் நடந்து வீடு திரும்பினர். இவற்றை எழுதி, "எங்கள் வீட்டிலும் வெல்லம் புகுந்தது. சில பொருட்கள் சேதமாயின. ஆயினும் தேவகிருபையால் காக்கப்பட்டோம்" என்று முடித்தேன்.

வெள்ளம் வெல்லமானதைக் கேட்டு வகுப்பே சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. அந்த எழுத்தைத் திருத்திவிட்டு, "சில பொருட்கள்" என்பதன் கீழே பென்சிலால் கோடிட்டு, "எவை?" என்று மட்டும் எழுதித் தந்தார்.

அந்த ஒரு சொல் என்னை உறங்கவிடவில்லை. ஏனெனில் விடை எனக்குத் தெரியும். அம்மா அதிகாலையில் இட்லி அவித்து விற்றே எங்கள் குடும்பத்தைத் தாங்கிவந்தார்கள். அன்று தண்ணீர் வாசற்படியைத் தாண்டியபோது அம்மா ஏதோ சத்தமிட்டார்கள். நானோ என் புத்தகப் பையைத் தூக்கிப் பரணில் ஏற்றினேன். இறங்கி வருவதற்குள் கிரைண்டரின் மோட்டார் மூழ்கிவிட்டது. மூன்று வாரம் வியாபாரம் இல்லை. அம்மா என்னைக் கடிந்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "சில பொருட்கள்" என்பது என் குற்றவுணர்வை நான் ஒளித்துவைத்த இடம்.

மறுபடியும் எழுதினேன். வகுப்பில் ஒவ்வொருவரும் தம் கட்டுரையை உரக்க வாசிக்க வேண்டும். நாக்கு இடறும் இடத்தில் வாக்கியத்தை உடைக்க வேண்டும். "பயங்கரமான வெள்ளம்" என்பதை அடித்துவிட்டு, "அடுப்பை மூடிய தண்ணீர்" என்று எழுதினேன். கிரைண்டரைப் பற்றியும் எழுதினேன். வாசித்து முடித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. ஆசிரியை மட்டும், "இதை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாயா?" என்று கேட்டார்.

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அன்றிரவு, உளுந்து களைந்துகொண்டிருந்தவர்கள் அருகில் அமர்ந்து நடுங்கும் குரலில் வாசித்தேன். முழுவதும் கேட்ட அம்மா, "அடி பைத்தியக்காரி! புஸ்தகத்தைத் தூக்கு, புஸ்தகத்தைத் தூக்கு என்று கத்தினதே நான்தானே. மழைச் சத்தத்தில் உனக்கு அது கேட்கவில்லையா?" என்றார்கள்.

ஒரு வருஷமாக நான் சுமந்த பாரம் அந்த நொடியில் இறங்கிற்று. மூன்றாம் முறையும் எழுதினேன். அந்தக் கட்டுரையில் என் குற்றவுணர்வைவிட அம்மாவின் குரல் பெரிதாக இருந்தது.

ரகர றகரமும் லகர ளகர ழகரமும் அந்த வகுப்பில் பழகின. அவற்றிலும் மேலாக நான் கற்றவை இரண்டு. மழுப்பலான சொல் வரும் இடத்தில் நின்று, எதை மறைக்கிறேன் என்று என்னையே கேட்க வேண்டும். பிறரைப் பற்றி எழுதுமுன் அவர்களையும் கேட்க வேண்டும். சபையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்கையிலும் இவ்விரண்டும் என் நினைவுக்கு வருகின்றன.

வெளிமாநிலத்தில் வளரும் தம்பி தங்கையரே, தமிழில் பிழை வருமே என்று அஞ்சி எழுதாமல் இராதீர்கள். பிழையைத் திருத்த யாரேனும் இருப்பார்கள். உங்கள் வீட்டில் நடந்ததை எழுத உங்களையன்றி வேறு யார் இருக்கிறார்கள்?