ரெண்டு பேர் ஓடினா யாரோட வேகம்? - ஒரு ஹைராக்ஸ் கணக்கு

மக்களே, இது முழுக்க முழுக்க கணக்குதான். கணக்குன்னா அலர்ஜி உள்ளவங்க, நடுவுல கோர்வைத் தறி பத்தி கொஞ்சம் வரும், அதை மட்டும் படிச்சுட்டு எஸ்கேப் ஆகிக்கலாம் :-)

விஷயம் இதுதான். 2025 மே மாதம் மும்பை கோரேகாவ்ல ஹைராக்ஸ் பந்தயம் நடந்துச்சு. இந்தியாவுல அதுதான் முதல் ஹைராக்ஸ். நானும் எங்க பெரியப்பா பையனும் ஆண்கள் இரட்டையர் பிரிவுல ஓடினோம். 1 மணி 20 நிமிடம் 50 விநாடி. ஊருக்குத் திரும்பினதுலேர்ந்து காலேஜ்லயும் ஜிம்லயும் ஒரே பல்லவி. "உங்க அண்ணன்தான்டா உன்னைப் பின்னாடி இழுத்துட்டாரு. வேற ஆளோட ஓடியிருந்தா 1:10-க்கு முடிச்சிருப்ப."

சொல்றவங்க சொல்லிட்டுப் போறாங்க. ஆனா அண்ணனே இதை நம்ப ஆரம்பிச்சுட்டாரு. என் வகுப்புத் தோழன் ஒருத்தன், நல்ல ஓட்டக்காரன், கிலோமீட்டரை 4:40-ல ஓடுவான், அடுத்த தடவை ஜோடி சேரலாமான்னு கேட்டான். அண்ணன்கிட்ட சொன்னேன். "அவனோடயே ஓடுடா. எனக்கும் நாலு நாள் தறி நிக்காம இருக்கும்"னு சொல்லிட்டு நூலைப் பார்க்கக் குனிஞ்சுட்டாரு. அவர் குனிஞ்ச விதம் எனக்குப் பிடிக்கலை. ரிசல்ட்டை எடுத்து வெச்சுக்கிட்டு ஒரு சனிக்கிழமை பூரா உட்கார்ந்தேன்.

முதல்ல தெரியாதவங்களுக்கு. ஹைராக்ஸ்ங்கறது மைதானத்துல இல்லாம பெரிய கண்காட்சிக் கூடத்துக்குள்ள நடக்கற பந்தயம். 2017-ல ஜெர்மனியில ஹாம்பர்க் நகரத்துல ஆரம்பிச்சது. ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் மோரிட்ஸ் ஃபூர்ஸ்டே, 2008-லயும் 2012-லயும் ஒலிம்பிக் தங்கம் வாங்கின ஜெர்மன் ஹாக்கி அணியில ஆடினவர். ஒரு கிலோமீட்டர் ஓடணும், ஒரு பயிற்சி செய்யணும், மறுபடி ஒரு கிலோமீட்டர், மறுபடி ஒரு பயிற்சி. இப்படி எட்டு தடவை. உலகத்துல எந்த ஊர்ல நடந்தாலும் அதே வரிசை, அதே எடை.

அந்த வரிசை: ஸ்கீ மெஷின்ல 1000 மீட்டர் (நின்னுக்கிட்டு ரெண்டு கயிறை மேலேர்ந்து கீழே இழுக்கணும்), 152 கிலோ ஸ்லெட்டை 50 மீட்டர் தள்ளணும், 103 கிலோ ஸ்லெட்டைக் கயிறு கட்டி 50 மீட்டர் இழுக்கணும், 80 மீட்டருக்கு விழுந்து எழுந்து தாவற பர்ப்பி, ரோயிங் மெஷின்ல 1000 மீட்டர், கைக்கு 24 கிலோவா ரெண்டு கையிலயும் தூக்கிக்கிட்டு 200 மீட்டர் நடை, தோள்ல 20 கிலோ மணல் மூட்டையோட முட்டி தரையைத் தொட 100 மீட்டர் லஞ்ச், கடைசியா 6 கிலோ பந்தைச் சுவத்துல எறிஞ்சு பிடிக்கிறது 100 தடவை. இது ஆண்கள் ஓப்பன் பிரிவு எடை. ஆண்கள் இரட்டையருக்கும் இதேதான்.

இரட்டையர்ல முக்கியமான விதி: ஓட்டத்தைப் பங்கு போட முடியாது. எட்டு கிலோமீட்டரும் ரெண்டு பேருமே, சேர்ந்தே ஓடணும். பயிற்சியை மட்டும் எப்படி வேணும்னாலும் பிரிச்சுக்கலாம். ஒருத்தர் செய்யறப்போ மத்தவர் மூச்சு வாங்கலாம். மொத்தக் கணக்கும் இந்த ஒரு விதியிலதான் இருக்கு.

எங்க நேரத்தைப் பாருங்க. ஓட்டம் மொத்தம் 46:40. பயிற்சி எட்டும் சேர்த்து 29:00. ஓடுபாதைக்கும் பயிற்சிக்கும் நடுவுல போய் வர்ற இடத்துக்கு ராக்ஸ்ஜோன்னு பேரு, அதுல 5:10. அதாவது நேரத்துல நூத்துக்கு 58 பங்கு ஓட்டம். தனியா ஓடறவங்களுக்குப் பயிற்சியில இன்னும் நிறைய நேரம் போகும், பக்கத்துல கை மாத்திக்க ஆள் கிடையாதே. ஜோடியா ஓடறப்போ பயிற்சி நேரம் சுருங்கிடும், ஓட்டம் அப்படியே நிக்கும். "ஹைராக்ஸ்னா பலம்தானே"ன்னு ஜிம்ல பேசறவங்க இதைக் கவனிக்கறதே இல்லை.

ஒவ்வொரு கிலோமீட்டரும்: 5:20, 5:32, 5:48, 5:55, 6:05, 5:50, 5:52, 6:18.

சரி, ஜிம் பல்லவியை முதல்ல எடுத்துப்போம். அண்ணனுக்குப் பதிலா என்னை மாதிரியே இன்னொரு ஆள் ஓடியிருந்தான்னு வெச்சுக்கோங்க. நான் களைப்பில்லாம தனியா ஓடினா கிலோமீட்டர் 4:50. நடுவுல பயிற்சிகள் இருக்கறதால சராசரி 5:10 வரும்னு வெச்சுக்கலாம். எட்டு கிலோமீட்டருக்கு 41:20. மிச்சம் 5 நிமிடம் 20 விநாடி. எங்க நேரம் 1:15:30 ஆகும். 1:10 எங்கேர்ந்து வந்துச்சு? அதுவும் பயிற்சி நேரம் 29 நிமிடம் அப்படியே இருக்கும்னு நம்பித்தான் இந்த 1:15. அது இருக்காது. அங்கதான் அண்ணன் வர்றாரு.

ஸ்லெட் இழுக்கறதை எடுத்துக்கோங்க. 12.5 மீட்டர் பாதையில நாலு தடவை. அதுல மூணு அண்ணன் இழுத்தாரு, ஒண்ணு நான். மொத்தம் 3:50. இழுத்து முடிச்ச உடனே ஓடின கிலோமீட்டர் 5:55. அதுக்கு முந்தினது 5:48. முக்கால்வாசி வேலையை அவர் செஞ்ச பிறகும் ஓட்டத்துல குறைஞ்சது வெறும் 7 விநாடி! இருபது வருஷமா தறியில உட்கார்ந்து கையும் முதுகும் வேலை செஞ்ச உடம்பு. கயிறு அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

அப்போ நேரம் எங்க போச்சு? ரெண்டு இடத்துல பள்ளம். பர்ப்பிக்கு அப்புறம் 6:05, லஞ்சுக்கு அப்புறம் 6:18. ரெண்டுமே தொடையும் இடுப்பும் சேர்ந்து தாங்கற வேலை. ரெண்டையும் பாதிப் பாதியாப் பிரிச்சோம். நடுவுல ரோயிங் வந்தப்போ பாருங்க, 5:50-க்கு மீண்டுட்டாரு. ஆக அண்ணன் மெதுவான ஆள்னு மொத்தமா ஒரு முத்திரை குத்த முடியாது. கால் வேலை அதிகமானா மட்டும்தான் அவர் ஓட்டம் சரியுது.

இப்போ என் பக்கம். என் கைக்கடிகாரத்துல இதயத் துடிப்பு இருக்கு. ஓட்டத்துல பெரும்பாலும் 150 பக்கம். பயிற்சியில 170-ஐத் தாண்டுது. புரியுதா? அண்ணன் வேகத்துல ஓடற எட்டு கிலோமீட்டரும் எனக்கு ஓய்வு மாதிரி. என்கிட்ட செலவாகாம சக்தி மிச்சம் இருக்கு, அதை ஓட்டத்துல செலவு பண்ண விதி விடாது. பயிற்சியில மட்டும்தான் போட முடியும். எல்லா ஜோடியும் பாதிப் பாதி பிரிக்கறாங்க, பார்க்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தர் ஓட்டத்துல ஏற்கெனவே முழுசாக் கொடுத்துட்டு வர்றப்போ அது பாதிப் பாதியே இல்லை.

இதை அண்ணன்கிட்ட விளக்கப் போனா, அவர் சிரிச்சுட்டாரு. "இதுக்கு எதுக்குடா கடிகாரம், தறியைப் பார்த்தா தெரியாதா?"

காஞ்சிபுரத்துக்காரங்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். கோர்வைன்னா உடம்பு ஒரு நிறம், கரை வேற நிறம், ரெண்டையும் நெய்யும்போதே கோத்துக்கிட்டு வர்றது. அதுக்கு மூணு நாடா வேணும். ஒரு ஆளால முடியாது. நெய்யறவர் குழித்தறியில கால் மிதிச்சு நெய்வாரு, பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்து ஒரு பக்கக் கரையோட நாடாவைப் போடணும். பெரியப்பா சின்ன வயசுல அப்படி உட்கார்ந்தவர்தான் (அப்போல்லாம் பசங்களைத்தான் உட்கார வெப்பாங்க, அது தனிக் கதை, சந்தோஷமான கதை இல்லை). இப்போ அண்ணன் தறியில அண்ணி உட்காருறாங்க.

"உங்க அண்ணி கை வரலைன்னா என் கால் மிதிக்காது. அவ வேகம்தான் தறி வேகம். நான் அவசரப்பட்டா கரையில கண்ணு விட்டுப் போகும். அவ கை ஓயாம வரணும்னா தார் சுத்தறது, அறுந்த இழையை முடியறது, ஜரிகை எடுத்து வைக்கறது எல்லாம் நான்தான் எடுத்துக்கணும். அதை விட்டுட்டு அவளைச் சீக்கிரம் போடு சீக்கிரம் போடுன்னு சொல்லி என்ன பிரயோஜனம்?"

சனிக்கிழமை பூரா நான் எக்செல்ல போட்டுக்கிட்டிருந்தது இதுதான் :-(

கணக்கு இதோட முடியலை. மெஷின் ரெண்டுக்கும் ஒரு தனி சங்கதி இருக்கு, இது எல்லா ஜோடிக்கும் உதவும். ஸ்கீ, ரோயிங் ரெண்டுலயும் வேகத்தைக் கூட்டினா தேவைப்படற சக்தி வேகத்தோட முப்படியாக் கூடும். 500 மீட்டரை 2:00-ல இழுக்க சுமார் 203 வாட் வேணும். 1:50-ல இழுக்க 263 வாட். 10 விநாடி மிச்சம் பிடிக்க நூத்துக்கு 30 பங்கு கூடுதல் உழைப்பு! ஓட்டத்துல விலை இவ்வளவு கொடூரமா ஏறாது. அதனால மெஷின்ல வீரம் காட்டறது நஷ்ட வியாபாரம். அங்க நிதானமா இழுத்து, மூச்சோட ஓடுபாதைக்கு வர்றதுதான் லாபம்.

கை மாத்தறதுலயும் விஷயம் இருக்கு. ரோயிங்ல இறங்கி, அடுத்தவர் உட்கார்ந்து, காலுக்கு வார் மாட்ட எங்களுக்கு 12 விநாடி ஆகுது. அதனால ஒரே ஒரு தடவை மாத்தினாப் போதும். ஸ்கீயில நின்னபடியே கைப்பிடியை வாங்கிக்கறதால அடிக்கடி மாத்தலாம். ஸ்லெட் தள்றப்போ 12.5 மீட்டருக்கு ஒரு தடவை. பந்து எறியறதுல பத்துப் பத்தா. ராக்ஸ்ஜோன்ல எங்க சராசரி ஒரு பயிற்சிக்கு 39 விநாடி. யாரும் கூடுதலா வியர்க்காமலே ஒரு நிமிடம் அங்க கிடைக்கும்.

சரி, தோழனுக்கும் நியாயம் செய்யணும் இல்லையா? வெறும் பேப்பர் கணக்கை வெச்சு அவனை ஒதுக்கினா தப்பு. ரெண்டு ஞாயிற்றுக்கிழமை சோதனை வெச்சோம். நம்ம ஊர்ல ஸ்லெட் கிடையாது. லாரி டயர்ல மணல் மூட்டை கட்டி கயித்தால இழுக்கறதுதான் எங்க ஸ்லெட். நாலு கிலோமீட்டர் ஓட்டம், நடுவுல மூணு பயிற்சி, அதுல ஒண்ணு டயர்.

தோழனோட: 4:42, 5:02, 5:31, 5:58. கூட்டினா 21:13. டயருக்கு 4:05.
அண்ணனோட: 5:25, 5:35, 5:40, 5:45. கூட்டினா 22:25. டயருக்கு 2:40.

ஓட்டத்துல தோழன் 72 விநாடி முன்னாடி. டயர்ல அண்ணன் 85 விநாடி முன்னாடி. மத்த ரெண்டு பயிற்சியிலயும் சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்லை. ஆனா எனக்கு இந்தக் கூட்டலை விட வரிசைதான் முக்கியமாத் தெரியுது. தோழன் நாலாவது கிலோமீட்டர்லயே அண்ணனை விட மெதுவாயிட்டான். பந்தயத்துல அதுக்கப்புறம் இன்னும் நாலு இருக்கு. அண்ணன் முதலுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் 20 விநாடி. (டேய், நீ இதைப் படிப்பன்னு தெரியும். ஆறு மாசம் எடை தூக்கினா நீ எங்க ரெண்டு பேரையும் தூக்கிச் சாப்பிட்டுடுவ. நிஜமாத்தான் சொல்றேன், கோச்சுக்காத.)

எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி அண்ணன்கிட்ட கொடுத்தேன். தறியை நிறுத்தலை, பக்கத்துல வெச்சுட்டுப் போன்னாரு. ராத்திரி ஒன்பதரைக்கு போன். "அந்த லஞ்ச் நூறு மீட்டர்ல நீ எவ்வளவு எடுத்துக்கற?"

"அறுபத்தஞ்சு."

"எழுபது எடு. ஸ்லெட் நாலும் நானே இழுத்துடறேன்."

அடுத்த பந்தயத்துக்குத் திட்டம் இப்போதைக்கு இப்படி: ஓட்டம் 5:30-ல ஆரம்பிக்கணும், 5:50-க்கு மேல போகக்கூடாது, சராசரி 5:40. அதாவது 45:20. பர்ப்பியில ஐம்பது மீட்டர் நான், முப்பது அவர். லஞ்சுல எழுபது நான். ஸ்லெட் இழுக்கறது முழுக்க அவர். பந்துக்கு அப்புறம் ஓட்டம் கிடையாது, அதனால அங்க மட்டும் யார் கையில தெம்பு இருக்கோ அவங்க எறியலாம், கணக்கு பார்க்கத் தேவையில்லை. ஓட்டத்துல 1:20, ராக்ஸ்ஜோன்ல ஒரு நிமிடம் மிச்சமானா 1:18:30. ஜிம் பல்லவிக்காரங்களுக்கு இது பெருசாத் தெரியாது, தெரியவும் வேணாம்.

செவிலிமேடு பாலாத்து மணல்ல ஞாயிறு காலை அஞ்சே காலுக்கு ஓட்டம். எட்டு மணிக்குள்ள அண்ணனை வீட்ல விட்டாகணும், பாவு புதுசா ஏத்தியிருக்காங்க, அண்ணி காத்துக்கிட்டிருப்பாங்க.