தண்ணீர் சூடா இருக்கா, தம்பி?

வேலூரை அடுத்த ஒரு கிறிஸ்தவத் தொழுநோய் மருத்துவமனையில், சனிக்கிழமைதோறும் காலை ஜெபம் முடிந்ததும் நோயாளிகளின் பாதங்களைக் கழுவிவிடுவது எனக்கு வாய்த்த சிறு சேவை.

இன்று, எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர், வாளித் தண்ணீரில் இரு கால்களையும் அமிழ்த்திக்கொண்டு கேட்டார்:

"தண்ணி சூடா இருக்கா, தம்பி, ஜில்லுனு இருக்கா?"

என் கை நின்றுவிட்டது.

அவர் உடலிலிருந்த தொழுநோய்க் கிருமியைக் கூட்டு மருந்துச் சிகிச்சை எப்போதோ ஒழித்துவிட்டது. ஆயினும், மருந்து வருமுன்பே நசிந்துபோன நரம்புகள் திரும்பி வரவில்லை. தொழுநோயாளியின் விரல்கள் தாமாக உதிர்வதில்லை, வலியறியாத அவயவமே ஓயாமல் காயப்பட்டுத் தேய்ந்துபோகிறது என்பதை இதே வேலூரில் பல்லாண்டு ஆராய்ந்து நிலைநாட்டிய டாக்டர் பால் பிராண்ட், வலியை ஒரு வரப்பிரசாதமாகவே கருதினார் என்று படித்திருக்கிறேன். இன்றுதான் அதன் அர்த்தம் விளங்கிற்று.

ஊறிய தோலைக் கல்லால் மெல்லத் தேய்த்து, எண்ணெய் தடவும்போது, குதிகாலில் கருவேல முள் ஒன்று தட்டுப்பட்டது.

"எப்பக் குத்துச்சுன்னே தெரியலப்பா" என்றார், சாந்தமாக.

முள்ளை எடுத்துக் கட்டுப்போட்டார் செவிலியர் அக்கா. மெத்தென்ற ரப்பர்ச் செருப்பும், உள்ளங்காலைத் தினமும் பார்த்துக்கொள்ள ஒரு கைக்கண்ணாடியும் கொடுத்தோம்.

பேருந்து ஏற்றிவிட்டுத் திரும்புகையில்தான் நினைவு வந்தது: அவருக்குக் கண்பார்வை மங்கல்; வீட்டிலும் தனியாள்.

அடுத்த சனிக்கிழமை வரை அந்தப் பாதங்களை யார் பார்ப்பார்கள், நண்பர்களே?