ஐந்தாண்டுத் திட்டம்

2007ஆம் ஆண்டு கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சிறிய மென்பொருள் ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்த்தளத்தில் உதிரிபாகக் கிடங்கு, மேல்தளத்தில் நாங்கள் 22 பேர். சிற்றிதழ்களில் எப்போதாவது என் கதை வரும் என்பது எப்படியோ நிறுவனரின் காதுக்கு எட்டியிருந்தது. ஒருநாள் அழைத்து, "எழுதறவர்தானே நீங்க, கம்பெனிக்கு அஞ்சு வருஷத் திட்டம் ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார். புனைவில் எனக்கிருந்த பயிற்சி அதற்குப் போதும் என்று நினைத்திருக்க வேண்டும். ஒருவகையில் அவர் நினைத்தது சரிதான்.

ஆண்டுக்கு 30 சதவீத வளர்ச்சி என்பது அவர் கொடுத்த எண். எக்செலில் 22 என்று இட்டு ஐந்து கட்டங்கள் இழுத்தேன். 2012இன் முடிவில் 82 பேர். இழுத்தால் வளர்ந்துவிடுகிறது நிறுவனம். அந்த 82 பேருக்கும் நாற்காலி எங்கே போடுவது என்றுகூட ஒரு பத்தி எழுதினேன்.

ஆனால் அந்த வருடமே கணக்கு வேறுவிதமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் சுமார் 44 ரூபாயாக இருந்த டாலர், முடிவில் 40க்கும் கீழே இறங்கியிருந்தது. மணிக்கு 20 டாலர் வீதம் மாதம் 160 மணிநேரம் உழைக்கும் ஒருவர் ஜனவரியில் 1,40,800 ரூபாய் ஈட்டித் தந்தார் என்றால், அதே உழைப்புக்கு டிசம்பரில் 1,28,000கூடத் தேறவில்லை. யாரும் ஒரு நிமிடம்கூடக் குறைவாக வேலை செய்யவில்லை. மென்பொருள் ஏற்றுமதிக்கான வருமானவரிச் சலுகையும் 2009 மார்ச்சோடு முடியும் என்பதே அப்போதைய சட்டம் (பின்னர் அதை 2011 மார்ச் வரை நீட்டித்தார்கள்).

இவற்றைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. எங்கள் வருவாயில் 62 சதவீதம் நியூஜெர்சியில் இருந்த ஒரே ஒரு காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வந்தது. அந்த ஆண்டு மே மாதம் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் வணிகப் பள்ளியில் நாராயண மூர்த்தி ஆற்றிய உரை மின்னஞ்சல்களில் சுற்றிக்கொண்டிருந்தது. இன்ஃபோசிஸின் வருவாயில் 25 சதவீதத்தைத் தந்த ஒரு வாடிக்கையாளர் 1995இல் விதித்த நிபந்தனைகளை ஏற்க மறுத்து எழுந்து வந்ததை அதில் சொல்லியிருப்பார். எந்த ஒரு வாடிக்கையாளரையும், எந்த ஒரு தொழில்நுட்பத்தையும், எந்த ஒரு ஊழியரையும் அளவுக்கு மீறிச் சார்ந்திருக்கக் கூடாது என்பது அவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம். நானும் எடுத்துக்கொண்டேன். 'இடர்கள்' என்று ஓர் அட்டவணை போட்டு, முதல் வரிசையில் அந்த வாடிக்கையாளரை எழுதினேன். மூன்றாம் வரிசையில் ஒரு மனிதரின் பெயரின் முதலெழுத்துகளை எழுதினேன்.

அவருக்கு அப்போது 46 வயது. திருநெல்வேலிப் பக்கம். அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் பழைய கோபால் நிரல்கள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இரவு எட்டரைக்கு நியூஜெர்சி மேலாளரோடு தொலைபேசியில் பேசத் தொடங்கினால் பத்தாகிவிடும். பாதி வேலையைப் பற்றியது, மீதி அந்த மேலாளரின் முதுகுவலியைப் பற்றியது. சம்பளப் பட்டியலில் நிறுவனருக்கு அடுத்த இடம் அவருக்கு. ஆறு மாதத்தில் இரண்டு இளைஞர்களுக்கு அவருடைய வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டால் இடரும் குறையும், கூம்பின் நுனியும் மெலியும், மிச்சமாகும் பணத்தில் விற்பனைக்கு இருவரை அமர்த்தலாம் என்று எழுதினேன். படிப்பதற்குத் திருத்தமாக இருந்தது.

டேவிட் மேய்ஸ்டர் ஆலோசனை நிறுவனங்களை நடத்துவது பற்றி 1993இல் எழுதிய நூலை அப்போது பாதிதான் படித்திருந்தேன். ஆலோசனைத் தொழிலில் விற்கப்படுவதை அவர் மூன்றாகப் பிரிப்பார்: கூர்மதி, நரைமுடி, நடைமுறை. நடைமுறை வேலைக்குத்தான் கீழே நிறைய இளைஞர்கள் வேண்டும், அங்கேதான் கூம்பு செல்லுபடியாகும். நாங்கள் நடைமுறையை விற்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் வாங்கியதோ நரைமுடியை. இதை எனக்குச் சொல்லியிருக்கக்கூடியவர் அந்த மூன்றாம் வரிசைக்காரர் ஒருவர்தான். அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்பதற்குக் கூச்சமாக இருந்தது என்பதே உண்மை.

அவர் மிகுந்த அக்கறையோடு கற்றுக்கொடுத்தார். 2008 மார்ச்சில், பகுதிநேரமாக வந்தால் போதும் என்று அவரிடம் சொன்னார்கள். மறுநாளே ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். கிளம்பும்போது என் மேசைக்கு வந்து, "தம்பி, உங்க திட்டத்தைப் படிச்சேன். தமிழ்ல எழுதறதைவிட இங்கிலீஷ்ல நல்லா எழுதறீங்க" என்றார். கிண்டலா பாராட்டா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

ஜூனில் ஓர் இளைஞனும் ஆகஸ்டில் இன்னொருவனும் கூடுதல் சம்பளத்துக்குப் பெங்களூர் போனார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல ஏதுமில்லை. செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் திவாலானது. நவம்பரில் காப்பீட்டு நிறுவனம் புதிய வேலைகள் அனைத்தையும் நிறுத்தியது. நிறுத்த முடியாத பழைய நிரல்களின் பராமரிப்பு மட்டும் மிஞ்சியது. அந்த அழைப்பில் நானும் இருந்தேன். மேலாளர் முதலில் கேட்டது அவரைத்தான். நிறுவனர் என்னைப் பார்த்தார், நான் மேசையைப் பார்த்தேன். ஜனவரியில் அந்த வேலையும் போயிற்று.

இப்போது வேறொரு நிறுவனத்தில் இதே மாதிரி திட்டங்களைப் படித்துக் கருத்துச் சொல்லும் இடத்தில் இருக்கிறேன். நிரல் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவு வந்தபின் கூம்பின் அடித்தளமே கேள்விக்குறியாகி, எல்லோரும் அனுபவசாலிகளைப் பற்றிப் பேசுகிறார்கள். எக்செலில் கட்டங்களை இழுப்பது மட்டும் மாறவில்லை.

2013 ஜனவரியில், சென்னைப் புத்தகக் கண்காட்சியில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க வெளுத்திருந்தது. பையில் இரண்டு ரஷ்ய நாவல்களின் பழைய மொழிபெயர்ப்புகள். ஏதோ கல்லூரியில் பாடம் எடுப்பதாகச் சொன்னார். பிறகு, அத்தனை வருடம் கழித்தும் எண்ணை மறக்காமல், "என்ன தம்பி, 82 ஆச்சா?" என்றார்.

"நான் வெளியே வரும்போது ஒன்பது சார்" என்றேன்.

சிரிக்கவில்லை அவர். அந்த ஒன்பது பேரும் யார் யார் என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டுக்கொண்டே என்னோடு வாசல்வரை நடந்து வந்தார்.