பால் கணக்கு

பழைய துப்பறியும் நாவல்களைப் பற்றி ஆய்வு செய்யப்போகிறேன் என்றதும், எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் ஒருவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "வடுவூரார், ஆரணியார், ரங்கராஜு... அதெல்லாம் எங்க அப்பத்தா படிச்சது சார்." கல்லூரி நூலகத்தில் அவை இல்லை. இருந்திருந்தாலும் பயனில்லை, அலமாரிச் சாவி எப்போதும் லீவில் இருப்பவரிடம்தான் இருக்கும்.

கோடை விடுமுறையில் ரயிலேறி, தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போனேன். அங்கே 'எதற்கு' என்று கேட்கவில்லை, 'எந்தப் பதிப்பு' என்று கேட்டார்கள். பொன்னாடை போர்த்தியிருந்தால்கூட என் மனம் அவ்வளவு குளிர்ந்திருக்காது.

முத்தையா கோட்டையூர்க்காரர், பெயர்ப்பலகை எழுதிய ஓவியர். புத்தகம், பத்திரிகையோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரை சேர்த்து வைத்தார். 1992இல் அவர் காலமானபோது ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் சேர்ந்திருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை விலைக்கு வாங்கியது, ஆனால் கப்பலேற்றவில்லை. 1994இல் சென்னையிலேயே நூலகம் உருவாயிற்று. பட்டியலிடுவதும் மைக்ரோபிலிமில் படமெடுப்பதும் தொடங்கின.

பட்டியல் போடுவதை நம் ஊரில் குமாஸ்தா வேலை என்றுதான் நினைக்கிறோம். ஆனால் ஒரே நாவலுக்கு நாலு பதிப்பு இருக்கும். ஒன்றில் அட்டை போயிருக்கும், இன்னொன்றில் ஆண்டு இருக்காது. யாரோ பொறுமையாகப் புரட்டிப் பார்த்துக் குறித்து வைத்ததால்தான், என்னைப் போன்ற வெளியூர் வாத்தியார் நாலே நாளில் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்ப முடிகிறது.

நான் தேடிப்போன நாவலில் கொலைகாரன் யாரென்று எனக்கு முன்பே தெரியும். எனக்கு வேண்டியிருந்தது கடைசிப் பக்கம். அதே பதிப்பகத்தார் வெளியிட்ட மற்ற நாவல்களும் அவற்றின் அணா விலையும் அங்கேதான் இருக்கும். மறுபதிப்பில் முதலில் காணாமல் போவதும் அதுதான். மைக்ரோபிலிம் கருவியின் பிடியைச் சுற்றிக்கொண்டே போனேன். விலைப்பட்டியல் வந்தது. அதற்கு எதிர்ப்பக்கம் வெற்றுத்தாள். அதில் யாரோ பால் கணக்கு எழுதியிருந்தார்கள். தேதி, உழக்கு; தேதி, உழக்கு. நடுவில் ஒரு நாளுக்கு நேரே 'வரவில்லை'. படமெடுத்தவர் அதையும் விட்டுவிடவில்லை.

என் ஆய்வுக்குச் சம்பந்தமில்லைதான். ஆனாலும் அணா விலைகளை எழுதுவதற்கு முன்னால் அதைத்தான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.