எது எதற்காகக் காத்திருக்கிறது?

வெள்ளி

ரைசன் 3 3200ஜி பிராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் ஒன்று, 1 டிபி ஹார்டு டிஸ்க், கேபினெட்டோடு சேர்ந்து வந்த எஸ்.எம்.பி.எஸ். ஒன்று: தங்கை மகனுடைய யந்திரத்தின் ஆஸ்தி இவ்வளவே. பாலிடெக்னிக்கில் படிக்கும் அந்தப் பிள்ளை, விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு இதை விளையாட்டுக்கு உகந்ததாக ஆக்கிவிட வேண்டுமென்று ஆசைப்படுகிறான். "எடுத்த எடுப்புல கிராபிக்ஸ் கார்டு வாங்கிடலாமா மாமா?" என்று கேட்டான். ஆசை நியாயமானதே, ஆயினும், யந்திரத்தினுள் எந்தப் பாகம் எதற்காகக் காத்துக் கிடக்கிறதென்பதை அறியாமல் செலவிடும் பணம் பெரும்பாலும் விரயமாகிறதென்பது என் திடமான அபிப்பிராயமாகையால், கடைப் பேச்சை ஒத்திவைத்து, அவன் விளையாடும் வேளையில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக் கவனிப்பதென்று தீர்மானித்தோம்.

சனி

ஜிடிஏ 5 திறக்கும்போதெல்லாம் ஹார்டு டிஸ்க் 100 சதவீதத்தில் திணறிற்று. நிமிஷத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று முடிக்க 8.3 மில்லி விநாடி பிடிக்கிறது. அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அவ்விதம் தேடி எடுப்பதிலேயே காலம் கழிந்துவிடுகிறது. எஸ்எஸ்டி இந்தத் தாமதத்தைப் போக்கும்; ஆனால் ஃபிரேம்களைக் கூட்டாது. இந்த வித்தியாசத்தை அவனுக்கு நிதானமாக விளக்கினேன்.

ரேமின் விஷயம் இன்னும் முக்கியமானது. 3200ஜி-யினுள் அடங்கிய வேகா 8 என்னும் கிராபிக்ஸ் பகுதிக்குச் சொந்த நினைவகம் கிடையாது. இருக்கும் 8 ஜிபி-யிலேயே ஒரு பங்கை எடுத்துக்கொண்டு அது ஜீவிக்க வேண்டும். பிராசஸரும் அதுவும் ஒரே பாதையில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு போவதால், இரண்டு மாடுகளுக்கென்று செய்த நுகத்தடியில் ஒற்றை மாட்டைப் பூட்டி ஓட்டியதைப் போலாகிறது. டிடிஆர்4 3200 ரேம் ஒன்று விநாடிக்கு 25.6 ஜிபி வரையில் தரவல்லது. அதே ஜாதியில் இன்னொன்றை உரிய ஸ்லாட்டில் பொருத்தினால் 51.2 ஜிபி. அவனுடைய ரேமின் மேல் 3200 என்று அச்சிட்டிருந்தும், பயாஸில் எக்ஸ்எம்பி என்னும் அமைப்பைத் தொடாததனால் அது இந்நாள் வரை 2400 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. கார்டு வாங்க வகையில்லாத பிள்ளைகளுக்கு இன்னொரு ரேமைவிடப் பிரயோஜனமான சிறு செலவு வேறொன்று உண்டென்று நான் நினைக்கவில்லை.

திங்கள்

இருவரும் மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனோம். ரேமும் 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்றும் வாங்கினோம். விநாடிக்கு 7000 எம்பி படிக்கும் என்று எழுதிய எஸ்எஸ்டி-யின் மேல் அவனுக்கு ஒரு கண். அவனுடைய போர்டோ பிசிஐஇ 3 தலைமுறையைச் சேர்ந்தது, அதில் ஏறக்குறைய 3500-க்கு மேல் கிடைக்காதாகையால் சாதாரணமானதே போதுமென்றேன். வர்ண விளக்கு ஃபேன்களையும் வேண்டாமென்றேன், கேட்டுக்கொண்டான்.

வீடு திரும்பியதும் கேபினெட்டைத் திறந்தபோது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் லேபிளைப் படித்தோம். பெரிய எழுத்தில் 450 வாட்ஸ் என்றிருந்தது. ஆனால் பிராசஸரும் கார்டும் பிரதானமாக உண்பது 12 வோல்ட் மின்சாரத்தையே, அந்த வரியில் 16 ஆம்பியர் என்றுதான் கண்டிருந்தது. பெருக்கினால் 192 வாட்ஸ். அவன் விரும்பும் ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட்ஸ், பிராசஸருக்கு 65 வாட்ஸ்: இரண்டுக்குமே இது பற்றாது, மற்ற பாகங்களைச் சொல்லவே வேண்டாம். மலிவான எஸ்.எம்.பி.எஸ். பழுதாகும்போது தான் மட்டும் போகாமல், அருமையாக வாங்கிய மற்றப் பாகங்களையும் சேதப்படுத்தக்கூடுமாகையால், கண்ணுக்குத் தெரியாமல் மூலையில் கிடக்கும் இந்தப் பெட்டிக்குத்தான் ஏழைப் பிள்ளையின் பட்ஜெட்டிலும் சிக்கனம் பாராமல் இடம் ஒதுக்க வேண்டும் என்று வற்புறுத்தினேன். 80 பிளஸ் சான்று பெற்ற, 550 வாட்ஸ் கொண்ட ஒன்றை அடுத்த மாதம் வாங்குவதாகச் சம்மதித்திருக்கிறான்.

புதன்

எக்ஸ்எம்பி-யை இயக்கி இரண்டு ரேமும் 3200-ல் ஓடத் தொடங்கியபின், வேலரன்ட் முன்போல் இடையிடையே தடுக்குவதில்லை. பிள்ளையின் முகத்தில் தோன்றிய சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

கார்டைப் பற்றி இன்று நெடுநேரம் பேசினோம். மலிவாகக் கிடைக்கிறதென்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யைச் சொன்னான். அது 4 பிசிஐஇ வழிகளை மட்டும் கொண்டது; புதிய போர்டில் அந்தக் குறை அவ்வளவு தெரியாது, இவனுடைய போர்டில் ஒவ்வொரு வழியும் பாதி வேகமே தருமாதலால், 4 ஜிபி நினைவகம் நிரம்பிய க்ஷணத்தில் அது தள்ளாடும். 8 வழிகளும் 8 ஜிபி-யும் உள்ள 6600-க்குக் காத்திருப்பதே உசிதம். செகண்ட் ஹாண்டாக வாங்குவதானால், 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயத்தின் மைனிங் நின்றபிறகு இராப்பகலாக உழைத்த கார்டுகள் பல விற்பனைக்கு வந்தனவென்பதை மறவாமல், கடையிலேயே அரைமணி நேரம் ஓட்டி, சூட்டையும் ஃபேன் சத்தத்தையும் பரீட்சித்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

கார்டு வந்தபின் நான்கு கோர் பிராசஸர் பின்தங்குவது தெரியவரும். அப்போதும் போர்டை மாற்ற வேண்டியதில்லை. 2016-ல் வந்த ஏஎம்4 சாக்கெட்டில் 2022-ன் ரைசன் 5 5600-ம் அமர்கிறது என்பது சிறு வருமானக்காரருக்குக் கிடைத்த பெரும் சௌகரியம். பயாஸை மட்டும், பழைய பிராசஸர் பொருந்தியிருக்கும்போதே, புதுப்பித்துவிட வேண்டும். இதை ஒரு காகிதத்தில் எழுதி கேபினெட்டின் உட்பக்கம் ஒட்டிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.